செட்டிநாட்டில் பிரெஞ்சுக் கார் அன்பர்கள் சங்கம்: தொடங்குவது முதல் நடத்துவது வரை முழுமையான வழிகாட்டி

காரைக்குடிப் பக்கம் ஒரு ரெனால்ட் டஸ்டரோ பழைய லோகனோ வைத்திருப்பவருக்கு இந்த அனுபவம் இருக்கும். போனட்டைத் திறந்து பார்த்த மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே, "அண்ணே, இதை மதுரைக்கோ திருச்சிக்கோ கொண்டுபோயிருங்க" என்பார். அவர் மேல் தப்பில்லை. அந்த வண்டி அவர் பட்டறைக்கு வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோதான் வருகிறது. ஆனால் பழுதான வண்டியோடு 90 கிலோமீட்டர் போவது சின்ன விஷயமில்லை.

சங்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். வரிசையாக வண்டிகளை நிறுத்திப் படம் எடுப்பது நல்ல பொழுதுபோக்குதான், நானும் எடுப்பேன். ஆனால் நம் ஊரில் ஒரு பிரெஞ்சுக் கார் பதினைந்து, இருபது வருஷம் ஓட வேண்டுமென்றால், அதைப்பற்றித் தெரிந்த பத்துப் பேர் ஒருவரையொருவர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

யாரைச் சேர்ப்பது

முதல் படி, ஆள் தேடுவது. பஞ்சர் கடை, வாட்டர் சர்வீஸ் கடை, புகைச் சான்று கொடுக்கும் இடம், இந்த மூன்றிலும் சொல்லி வைத்தால் போதும். எந்தத் தெருவில் என்ன வண்டி நிற்கிறது என்பது அவர்களுக்கு மனப்பாடம்.

அடுத்து வரும் கேள்வி, எது பிரெஞ்சுக் கார்? ரெனால்ட் என்றால் 2007-இல் மஹிந்திராவோடு சேர்ந்து வந்த லோகனில் தொடங்கி டஸ்டர், லாட்ஜி, க்விட், கேப்டர், ட்ரைபர், கைகர் வரை. சிட்ரோயன் 2021-இல் சி5 ஏர்கிராஸோடு வந்தது, பிறகு சி3, பசால்ட். பியூஜோ என்றால் 1990-களின் நடுவில் பிரீமியர் நிறுவனத்தோடு கூட்டாக இங்கே தயாரான 309. இன்றைக்குத் தெருவில் பார்ப்பது அபூர்வம், ஆனால் பழைய வீடுகளின் கார் ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் ஒன்றிரண்டு இருக்கத்தான் செய்யும்.

இந்தப் பட்டியலோடு நின்றுவிடாதீர்கள். மாருதி ஜென் டீசலைத் திறந்து பாருங்கள், உள்ளே இருப்பது 1,527 சிசி பியூஜோ இன்ஜின். நிஸான் டெர்ரானோ, சன்னி டீசல், மஹிந்திரா வெரிட்டோ டீசல் எல்லாவற்றிலும் ஓடுவது ரெனால்டின் 1,461 சிசி கே9கே இன்ஜின், டஸ்டர் டீசலில் இருக்கும் அதே குடும்பம். முகப்பில் இருக்கும் சின்னத்தைப் பார்த்து ஆளை வெளியே நிறுத்தினால் நமக்குத்தான் நஷ்டம். ஒரு வெரிட்டோ ஓட்டுநருக்கு அந்த இன்ஜினைப்பற்றித் தெரிந்தது டஸ்டர் வைத்திருக்கும் நமக்குத் தெரியாது, ஏனென்றால் அவர் டாக்ஸியாக ஓட்டி லட்சக்கணக்கான கிலோமீட்டர் பார்த்திருப்பார். எங்கள் பக்கம் முதலில் சேர்க்க வேண்டியவர் அவர்தான் என்பேன்.

"வெளிநாட்டு வண்டி நமக்கெதுக்கு" என்று கேட்பவர்களுக்கும் ஒரு பதில் இருக்கிறது. ரெனால்ட் வண்டிகள் தயாராவது ஒரகடத்தில், சிட்ரோயன் தயாராவது திருவள்ளூரில். வரைபடம் பிரான்ஸிலிருந்து வந்தது, திருப்பி முடுக்கியது நம் பிள்ளைகள்.

பதிவு செய்ய வேண்டுமா

முதல் வருஷம் வேண்டாம். ஒரு நோட்டும் நேர்மையான ஒரு பொருளாளரும் போதும். பணம் சேர ஆரம்பித்து, வங்கிக் கணக்கு தேவைப்படும்போது தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் பதிவு செய்துகொள்ளலாம். குறைந்தது 7 பேர் வேண்டும். சந்தாவை எவ்வளவு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் க்விட் வைத்திருப்பவருக்கும் சி5 வைத்திருப்பவருக்கும் ஒரே தொகை.

மாதம் ஒரு காலை: போனட்டைத் திறக்கும் நாள்

சங்கத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு, காலை ஏழு மணி, வெயில் ஏறுவதற்கு முன் இரண்டு மணி நேரம். மரநிழல் உள்ள சமதளமான இடம் வேண்டும். செம்மண் தரையாக இருந்தால் ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு தடித்த பலகை கொண்டுவாருங்கள். மழைக்கு அப்புறம் நம் மண்ணில் ஜாக்கி நேராக இறங்கும்.

ஒரு காலைக்கு ஒரு பாடம் மட்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்கலாம் என்று உட்கார்ந்தால் பேச்சு அரசியலுக்குப் போய்விடும். முதல் காலைக்கு நான் சொல்வது சக்கரம் மாற்றுவது. "இதுகூடத் தெரியாதா" என்று நினைப்பீர்கள். டஸ்டரிலும் லோகனிலும் மாற்றிப் பாருங்கள், அப்போது தெரியும்.

நாம் பழகிய பல வண்டிகளில், சக்கரம் மாட்டும் ஹப்பிலிருந்து ஸ்டட் எனும் மரை போட்ட தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சக்கரத்தை அதில் மாட்டிவிட்டு நட்டைத் திருகினால் சரி. இந்த வண்டிகளில் ஸ்டட் கிடையாது, ஹப்பில் வெறும் மரை போட்ட ஓட்டை. போல்ட்டை வெளியிலிருந்து திருக வேண்டும். கனமான சக்கரத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, ஓட்டைக்கு ஓட்டை நேராக்கி, மூன்றாவது கையால் போல்ட்டை நுழைக்க வேண்டும் என்ற நிலைமை. ராத்திரி நேரத்தில் தனியாக மாட்டினால் அழுகையே வரும்.

இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. அதே மரையில் நீளமான ஒரு போல்ட் வாங்கி லேத்துப் பட்டறையில் கொடுங்கள். தலையை வெட்டிவிட்டு, அந்த முனையில் ஸ்க்ரூடிரைவர் நுழைய ஒரு கீறல் போட்டுத் தருவார்கள். ஹப்பின் மேல் ஓட்டையில் அதைக் கையாலேயே திருகி வைத்துவிட்டுச் சக்கரத்தை அதில் தொங்கவிடுங்கள். மற்ற போல்ட்டுகளை மாட்டியதும் அதைக் கழற்றிவிட்டு கடைசிப் போல்ட்டைப் போடலாம். மரையைச் சரியாகச் சொல்வது முக்கியம்: லோகன், டஸ்டருக்கு 12 மில்லிமீட்டர் தடிமனில் 1.5 பிட்ச் (மரைக்கு மரை உள்ள தூரம்), பியூஜோவுக்கு அதே 12-இல் 1.25 பிட்ச். மாற்றித் திருகினால் ஹப் போய்விடும். பத்துப் பேருக்கும் சேர்த்து ஒரே நாளில் வெட்டி வாங்கிக்கொண்டால் செலவும் குறைவு, ஆளுக்கொன்று ஸ்டெப்னிக்குள் கிடக்கும்.

க்விட்காரர்கள் தங்கள் சக்கரத்தில் மூன்றே மூன்று இருப்பதைப் பார்த்து, கம்பெனி சிக்கனம் பிடித்துவிட்டது என்று நினைப்பார்கள். ரெனால்ட் 4, சிட்ரோயன் 2சிவி என்று பிரான்ஸின் கிராமங்களில் பல வருஷம் ஓடிய எளிய வண்டிகளுக்கும் மூன்றுதான். எடை குறைந்த வண்டிக்கு மூன்று தாங்கும். சரியான அளவில் முடுக்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

இரண்டாவது காலைக்கு டைமிங் பெல்ட், அதாவது வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் ரப்பர்ப் பட்டை. கே9கே இன்ஜினில் செயின் இல்லை, பெல்ட்தான். ஓடும்போது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினையே பிரிக்க வேண்டிவரும். கையேட்டில் கிலோமீட்டர் ஒன்று, வருஷம் ஒன்று என இரண்டு கணக்கு இருக்கும். எது முதலில் வருகிறதோ அதில் மாற்றிவிடுங்கள். நம் ஊரில் பலர் இரண்டாம் கையாக வாங்கியவர்கள், வருஷத்தில் பாதி நாள் வண்டி ஷெட்டில்தான் நிற்கிறது. "25,000 கிலோமீட்டர்தானே ஓடியிருக்கு" என்ற பேச்சு இங்கே செல்லாது. ரப்பருக்கு வயது ஓட்டத்தில் மட்டும் ஏறுவதில்லை. மாற்றியதற்கு பில் கையில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாற்றும்போது பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் வாட்டர் பம்பையும் சேர்த்து மாற்றுங்கள். அந்தப் பம்பைச் சுற்றுவதே இந்தப் பெல்ட்தான், இரண்டு முறை கூலி கொடுக்க வேண்டாம்.

மூன்றாவது, கூலன்ட். காரைக்குடிச் சம்பை ஊற்றுத் தண்ணீர் குடிக்க எவ்வளவு இனிப்பாக இருந்தாலும் ரேடியேட்டருக்கு அது வேண்டாம். கம்பெனி சொன்ன வகைக் கூலன்ட்டும் தாது நீக்கிய நீரும் மட்டும். பழைய பெட்ரோல் வண்டிக்காரர்கள் எரிபொருள் ஹோஸையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், முப்பது வருஷத்துக்கு முந்தைய ரப்பர் அதில் ஊறி விரிசல் விடும்.

ஒவ்வொரு காலையும் முடிகிற நேரத்தில் ஒருவர் இருபது நிமிஷம் ஏதாவது கதை சொல்லட்டும். சிட்ரோயன் சின்னத்தில் இருக்கும் இரண்டு கூரை வடிவம் பல்சக்கரத்தின் பல். ஆந்த்ரே சிட்ரோயன் 1919-இல் கார் செய்யத் தொடங்குவதற்கு முன் அந்த வகைப் பல்சக்கரம்தான் செய்துகொண்டிருந்தார். 1948-இல் பாரிஸ் கண்காட்சியில் காட்டிய 2சிவி உழவருக்காக யோசித்த வண்டி. உழுத வயலின் குறுக்கே ஒரு கூடை முட்டையோடு போனாலும் ஒன்றும் உடையக் கூடாது என்பது அதைச் செய்தவர்களுக்குக் கொடுத்த கட்டளை. வரப்பு ஏறி இறங்கிய பெரியவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும்.

உதிரிபாக நோட்டு

ஒரு தடித்த நோட்டு. இடப்பக்கம் வண்டி, பாகத்தின் பெயர், பாக எண். வலப்பக்கம் எங்கே கிடைத்தது, என்ன விலை, எத்தனை நாள் ஆனது, போட்ட மெக்கானிக் யார். இவ்வளவுதான். ஆனால் விடாமல் எழுத வேண்டும். டஸ்டர் 2022-இல் நின்றுபோன பிறகு பழைய வண்டிக்குச் சில பாகங்கள் கிடைக்க நாளாகிறது. அப்போது டெர்ரானோவுக்கு வரும் அதே பாகம் வேறு டப்பாவில் கிடைக்கும் என்று ஒருவர் எழுதி வைத்திருந்தால் ஒரு வாரம் மிச்சம். கழித்துக்கட்டும் வண்டியிலிருந்து கண்ணாடி, கதவுக் கைப்பிடி, விளக்கு, இருக்கைப் பட்டை என்று கழற்றி வாங்கி ஒரு அறையில் வைக்கலாம். பிரேக், ஸ்டியரிங் பாகங்களை மட்டும் பழசில் வாங்காதீர்கள்.

வருஷம் ஒரு பெரிய பயணம்

தேதியில்தான் முதல் தவறு நடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை. பொங்கலை ஒட்டி சிறாவயல் மஞ்சுவிரட்டு. தைப்பூசத்துக்கு முன் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் குன்றக்குடி வழியாகச் சாலை நிறைய நடப்பார்கள், அவர்கள் நடக்கும் சாலையில் கார் ஊர்வலம் வேண்டவே வேண்டாம். மாசிக் கடைசியிலும் பங்குனியிலும் காரைக்குடி முத்துமாரியம்மன் திருவிழா. சித்திரைக்கு மேல் வெயில். மாசி முதல் பாதியில் ஒரு ஞாயிறுதான் எனக்குப் பிடித்தது. முகூர்த்த நாளா, சதுர்த்தியா என்று காலண்டரைப் பார்த்துவிடுங்கள். சதுர்த்தியன்று பிள்ளையார்பட்டியில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.

பாதை: காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான், ஆத்தங்குடி, அங்கிருந்து இறங்கி குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, திரும்பக் காரைக்குடி. சுமார் 60 கிலோமீட்டர். "இவ்வளவுதானா" என்பார்கள். ஆமாம், இவ்வளவு போதும். இறங்கிப் பார்க்கவும் பேசவும் நேரம் வேண்டாமா? நகரத்தார் கோயில்கள் ஒன்பதையும் சுற்றுவதை இன்னொரு வருஷத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அதற்கு விடியற்காலையில் கிளம்பி, நடை சாத்தும் நேரம் பார்த்துத் திட்டமிட வேண்டும்.

ஒரு வாரம் முன்பு இரண்டு பேர் அதே நாளில், அதே நேரத்தில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எங்கே சாலையை வெட்டிப் போட்டிருக்கிறார்கள், எந்த வேகத்தடை உயரம், எங்கே கழிப்பறை, எந்தக் கடையில் எட்டு மணிக்கே டிபன் தீர்ந்துவிடும் என்பதெல்லாம் அன்றைக்குத்தான் தெரியும். பெண்களும் பெரியவர்களும் வருகிறார்கள் என்றால் கழிப்பறைதான் பாதையைத் தீர்மானிக்க வேண்டும்.

வீடு பார்க்க அனுமதி வாங்குவது பொறுமையான வேலை. செட்டிநாட்டு வீடுகள் பலவற்றில் பல பங்காளிகளுக்கு உரிமை உண்டு. காரைக்குடியில் இருப்பவர் சரி என்றாலும் சென்னையில் இருப்பவரிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டியிருக்கும். ஒரு மாதம் முன்பே கேளுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்பவருக்குத் தனியாக ஏதாவது கொடுங்கள். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும் வீடுகள் இவை. வண்டிகளைப் பின் தெருவில் நிறுத்தி, ஆட்கள் முன்வாசல் வழியாக வருவதுதான் மரியாதை. கோலம் போட்ட முகப்பில் டயர் ஏறக் கூடாது.

ஒரு வருஷம் உள்முற்றத்தில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்க ஆசைப்பட்டோம். பழைய வண்டி ஒன்று இரண்டு சொட்டு ஆயிலை ஆத்தங்குடிக் கல்லில் விட்டுவிட்டது. சிமென்ட் கல் எண்ணெயைக் குடித்துவிடும், எதைப் போட்டுத் துடைத்தாலும் போகாது. அந்த வீட்டு ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை, "பரவாயில்ல, காப்பி குடிங்க" என்றார்கள். அந்தப் பரவாயில்லை இன்னும் எனக்கு உறுத்துகிறது. இப்போது வண்டி எதுவும் வாசலைத் தாண்டுவதில்லை. தெருவில் நிற்கும்போதும் பழைய வண்டிக்கு அடியில் அட்டைப்பெட்டி விரிப்பது எங்கள் விதி.

வழிச்சீட்டு

கூகுள் மேப் இருக்கும்போது திருப்பங்களை வரைந்து கொடுக்கும் இந்தச் சீட்டு எதற்கு? இருப்பதிலேயே மகிழ்ச்சியான பகுதி இதுதான் என்பதால். ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு கட்டம்: ஒரு புள்ளி நாம் வரும் இடம், ஒரு அம்பு போக வேண்டிய திசை, பக்கத்தில் முந்தைய திருப்பத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர். அதற்குக் கீழே தமிழில் ஒரு அடையாளம்: ஊருணிக்கரை, அய்யனார் கோயில் குதிரை, மாடத்தில் லட்சுமி சுதை உள்ள வீடு. ஓட்டுபவர் ஓட்டட்டும், பக்கத்தில் இருப்பவர் படிக்கட்டும். பிள்ளைகளிடம் கொடுத்தால் போனைக் கீழே வைத்துவிட்டு வெளியே பார்ப்பார்கள். வழியில் பத்துக் கேள்வி வையுங்கள், சரியான விடைக்குப் பரிசு. ஒரு தேன்குழல் டப்பா போதும்.

நேரத்துக்கு மட்டும் மதிப்பெண் போடாதீர்கள். போட்டி, வேகச் சோதனை போன்றவற்றில் ஓட்டும்போது நேரும் விபத்துக்குச் சாதாரணக் கார் இன்சூரன்ஸ் பணம் தராது, பாலிசியிலேயே அச்சடித்திருக்கிறது. மோட்டார் பந்தயம் நடத்த முறைப்படி அனுமதி வாங்க வேண்டும், அது வேறு உலகம். நம்முடையது உல்லாசப் பயணம். அழைப்பிதழிலும் அந்த வார்த்தையையே போடுங்கள். கிளம்பும்போது ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, ஓட்டுநர் உரிமம் நான்கையும் ஒருவர் பார்த்துவிட வேண்டும், தலைவருடைய வண்டி உட்பட.

சாலையில்

ஐந்து வண்டிக்கு மேல் ஒரு கூட்டமாகப் போகாதீர்கள். இருபது வண்டி வந்தால் நான்கு கூட்டம், பத்து நிமிஷ இடைவெளி. ஒரே ஒரு விதி: திருப்பத்தில் உங்கள் பின்னால் வரும் வண்டி கண்ணில் படும்வரை நின்று, அப்புறம் திரும்புங்கள். முன்னால் போகிறவரைத் துரத்த வேண்டியதில்லை. எல்லாரும் பின்னால் பார்த்துக்கொண்டால் யாரும் தொலைவதில்லை. கடைசி வண்டியில் மெக்கானிக், இழுக்கும் கயிறு, முதலுதவிப் பெட்டி, இரண்டு கேன் தண்ணீர்.

கானாடுகாத்தானில் ஒரு மணி நேரம் கொடுங்கள். வீடுகளைப் பார்க்கும்போது ஒரு விஷயத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்ல மறக்காதீர்கள். பர்மா, மலேயாவைப்போல பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட சைகோனிலும் நகரத்தார் வட்டிக்கடை வைத்திருந்தார்கள், அங்கே அவர்கள் கட்டிய தண்டாயுதபாணி கோயில் இன்னும் இருக்கிறது. பிரான்ஸுக்கும் இந்தச் செம்மண்ணுக்கும் இருந்த கொடுக்கல் வாங்கல் நம் கார்களைவிட மூத்தது.

ஆத்தங்குடியில் கல் செய்யும் பட்டறைக்குப் போங்கள், போகுமுன் கேட்டுக்கொண்டு. ஒரு கண்ணாடித் துண்டு, அதன்மேல் இரும்புச் சட்டம், உள்ளே பூ வடிவத்துக்குத் தகடு. கரண்டியால் நிறச் சிமென்ட்டை ஒவ்வொரு அறையிலும் ஊற்றுவார்கள். தகட்டைத் தூக்கியதும் நிறங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும், கலக்காது. மேலே உலர்ந்த மணலும் சிமென்ட்டும் தூவி, அதற்கு மேல் கலவை. பிறகு தண்ணீர்த் தொட்டியில் நாள்கணக்கில் ஊறும். கடைசியில் கண்ணாடி பிரிந்துவரும்போது கல்லுக்கு வரும் மினுமினுப்பைப் பார்க்க வேண்டும். வண்டிக்கு பெயின்ட் அடிக்கும் டிங்கர் கடைக்காரர் ஒருவர் எங்களோடு வந்து, அரை மணி நேரம் அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை.

சாப்பாட்டைச் சொல்லித் தர வேண்டுமா என்ன. காலையில் வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலும், மதியம் இலைச் சாப்பாடு. ஓட்டுகிறவர்கள் மதியம் சாப்பிட்டுவிட்டு உடனே கிளம்பக் கூடாது, ஒரு மணி நேரம் திண்ணையில் சாயட்டும்.

மிகப் பழைய வண்டிகள்

50 வருஷத்துக்கு மேலான, பெரிதாக மாற்றம் செய்யாத வண்டியை 2021-இல் வந்த விதிப்படி விண்டேஜ் வண்டியாகப் பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷத்துக்குச் செல்லும், புதுப்பிக்க 5,000 ரூபாய். கண்காட்சி, விண்டேஜ் ஊர்வலம், பழுதுபார்ப்பு, எரிபொருள் போடுவது போன்றவற்றுக்கு மட்டும் சாலையில் ஓட்டலாம், தினசரி ஓட்டத்துக்கு இல்லை. 309 இந்தக் கணக்கில் இன்னும் வராது. 15 வருஷம் தாண்டியதால் முறைப்படி எஃப்.சி. காட்டிப் பதிவைப் புதுப்பித்திருக்க வேண்டும். ஷெட்டில் தூங்கும் வண்டியை எழுப்ப நினைப்பவர் முதலில் ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்கட்டும். அப்பா பெயரிலோ தாத்தா பெயரிலோ இருந்தால், இன்ஜினைத் தொடுவதற்கு முன் வாரிசுச் சான்று வேலையைத் தொடங்குங்கள். அதற்குத்தான் நாளாகும்.

ஜூலை 14

சங்கம் ஒரு வருஷம் தாண்டிவிட்டால் புதுச்சேரிக்கு ஒரு நீண்ட பயணம் போடலாம். பிரெஞ்சு தேசிய நாளை அங்கே இன்றும் கொண்டாடுகிறார்கள். முந்தின நாள் மாலை விளக்கு ஊர்வலம், அன்றைக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள போர் நினைவிடத்தில் மரியாதை, முன்னாள் வீரர்கள் பதக்கங்களோடு நிற்பார்கள். 13-ஆம் தேதி விடியலில் புதுக்கோட்டை, தஞ்சாவூர், கும்பகோணம் வழியாகக் கிளம்பினால் மாலை ஊர்வலத்துக்குச் சேர்ந்துவிடலாம். வண்டிகளைத் தங்கும் இடத்திலேயே நிறுத்திவிட்டு நடந்து போங்கள், அந்த இரண்டு நாளும் கடற்கரைப் பக்கம் நிறுத்த இடம் தேடி அலைய முடியாது. போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை போனட் காலையில் எல்லா வண்டிக்கும் பெல்ட், கூலன்ட், பிரேக், ஸ்டெப்னி காற்று பார்த்து, பார்த்தவர் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லாத வண்டிக்காரர் மற்றொருவர் வண்டியில் ஏறிக்கொள்ளட்டும்.